ஐந்தாம் அத்தியாயம்: ஊர்க்குறையைச் சட்டமன்றம் வரை கொண்டுசெல்லும் முறை

தெருவிளக்கு எரியாவிட்டாலும், விரைவு ரயில் நம் நிலையத்தில் நிற்காவிட்டாலும், பிள்ளைக்கு வேலை கிடைக்காவிட்டாலும், ஆசிரியையாக இருக்கும் மருமகளுக்கு மாற்றல் வேண்டுமானாலும் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலிலேயே போய் நிற்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டபடியால், அவர் எந்தக் காரியத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டாரோ அந்தக் காரியத்தை அவரிடம் கேட்பவர்கள் மிகச் சொற்பமாகவே இருக்கிறார்கள். சாலை போடுவதற்கோ, பட்டா வழங்குவதற்கோ, ஓர் இளநிலை உதவியாளரை இடம் மாற்றுவதற்கோகூடச் சட்டப்படி அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் அந்த அதிகாரங்களையெல்லாம் கையில் வைத்திருக்கும் அமைச்சரைச் சபையில் எழுந்து நின்று, "இது ஏன் நடக்கவில்லை?" என்று கேட்கும் உரிமை, உங்கள் தொகுதியில் வாழும் லட்சக்கணக்கான ஜனங்களில் அவர் ஒருவருக்கே உண்டு. அவர் கேட்கத்தக்க வடிவத்தில் உங்கள் ஊரின் குறையை ஆக்கிக் கொடுப்பது எப்படி என்பதைத்தான் இந்த அத்தியாயம் கிரமமாகச் சொல்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மனுக்கொடுக்கும் முறையை முந்திய அத்தியாயத்தில் பார்த்துவிட்டீர்களாதலால், அதை இங்கே திருப்பிச் சொல்லவில்லை.

வாசலைத் தெரிந்துகொள்ளுதல்

1. உங்கள் தொகுதி எது என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுத் தொகுதிகளுக்குக் கும்மிடிப்பூண்டியை 1 என்றும் கிள்ளியூரை 234 என்றும் வரிசையிட்டு எண்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. உங்களுக்குரிய எண்ணும் பெயரும் வாக்காளர் அடையாள அட்டையில் இருக்கும். வருவாய் வட்டத்தின் எல்லையும் தொகுதியின் எல்லையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே ஊராட்சி ஒன்றியத்தின் கிராமங்கள் இரண்டு தொகுதிகளில் பிரிந்து கிடப்பது சகஜம். பக்கத்து ஊர்க்காரர் கொடுத்த இடத்திலேயே தானும் மனுக்கொடுத்துவிட்டு, "அது என் தொகுதி அல்லவே" என்ற பதிலோடு திரும்பியவர்கள் அநேகர்.

2. குறை எந்த அரசைச் சேர்ந்தது என்று பாருங்கள். ரயில், தபால், கடவுச்சீட்டு, தேசிய வங்கி, தேசிய நெடுஞ்சாலை ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு. அவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினரை அணுகவேண்டும். குப்பை, தெருவிளக்கு, சாக்கடை, ஊர்க்குழாய் ஆகியவற்றுக்கு ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோதான் முதல் வாசல். காவல் நிலையம், அரசு மருத்துவமனை, பள்ளி, அரசுப் பேருந்து, மின்சாரம், பாசனம், பதிவு அலுவலகம், நியாயவிலைக் கடை, மாநில நெடுஞ்சாலை இவையே சட்டமன்ற உறுப்பினரின் எல்லைக்குள் நேராக வருபவை.

3. துறையைக் கண்டுபிடியுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் சிரமமானது. இங்கே பிழைத்தால் பின்னால் செய்யும் அத்தனையும் வியர்த்தம். ஓடையின் குறுக்கே ஒரு தரைப்பாலம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாலத்தின் மேல் போகும் சாலை ஊராட்சி ஒன்றியச் சாலையாக இருந்தால் ஊரக வளர்ச்சித் துறை பதில் சொல்லவேண்டும். மாவட்ட முக்கியச் சாலையாகவோ மாவட்ட இதர சாலையாகவோ இருந்தால் நெடுஞ்சாலைத் துறை. கீழே ஓடும் ஓடையோ நீர்வளத் துறையின் பராமரிப்பில் இருக்கலாம். மூன்று துறைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்ட மனு, ஒவ்வொன்றிலிருந்தும் மற்றதற்கு அனுப்பப்பட்டு, ஒருவர் மேசையிலும் நிரந்தரமாகத் தங்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சாலைப் பட்டியலைக் கேட்டு, பெயரையும் வகையையும் எழுதிக்கொள்ளுங்கள். வாய்மொழியில் சொல்ல மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் எழுத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டியது அவர்கள் கடமை.

கையில் இருக்கவேண்டிய காகிதங்கள்

வெறுங்கையோடு உறுப்பினரிடம் போகாதீர்கள். அவர் அமைச்சரைக் கேட்கும்போது, "சம்பந்தப்பட்ட அலுவலரிடம் விண்ணப்பித்தார்களா?" என்பதே முதல் எதிர்க்கேள்வியாக வரும். ஆகையால் துறை அலுவலருக்கோ, ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்திலோ ஒரு முறையாவது மனுக்கொடுத்து, அதன் எண்ணும் தேதியும் உள்ள ரசீதை வைத்துக்கொள்ளவேண்டும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட வலிமையான காகிதம் ஒன்று உண்டு. அது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு நீங்களும் அண்டை அயலாரும் சென்று, கோரிக்கையைச் சொல்லி, அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே படித்துப் பார்த்து, பிறகு நகலைக் கேட்டு வாங்குங்கள். நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைக் காட்டிலும் ஒரு பக்கத் தீர்மான நகலுக்கு அதிக மதிப்பு உண்டு என்பது என் அபிப்பிராயம். கையெழுத்தை எவரும் எங்கேயும் திரட்டிவிடலாம். தீர்மானமோ சட்டம் அங்கீகரித்த ஒரு சபையின் முடிவு.

*குறிப்பு:* அசல் காகிதம் எதையும் எவரிடமும் கொடுக்கவேண்டாம். நகல்களை மட்டும் கொடுங்கள். பொதுக்கோரிக்கைக்கு ஆதார் நகல் தேவையில்லை. கேட்டாலும், காரணம் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

மனு எழுதுதல்

நம் ஊர்களிலிருந்து போகும் மனுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன:

"எங்கள் ஊருக்குப் பல்லாண்டுகளாக எந்த வசதியும் செய்து தரப்படவில்லை. சாலை, குடிநீர், பேருந்து, பாலம், ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை ஆகிய அனைத்தையும் உடனே செய்து தந்து எங்கள் வாழ்வில் விளக்கேற்றுமாறு பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்."

எழுதியவரின் துயரம் உண்மையானது. ஆனால் இதைக் கையில் வாங்கும் உறுப்பினர் எந்த அமைச்சரை என்ன கேட்பார்? ஆறு கோரிக்கைகள் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. எந்த இடம், எவ்வளவு காலம், யாருக்கு என்ன நஷ்டம் என்பது ஒன்றுகூட இல்லை. பாதம் பணிவதும் அநாவசியம். வாக்களித்தவர் தம் பிரதிநிதிக்கு எழுதும்போது மரியாதை போதும். அதே ஊர், பாலம் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு எழுதினால் இப்படி இருக்கும்:

"எங்கள் ஊராட்சியிலிருந்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாவட்ட இதர சாலையில், ஓடையின் குறுக்கே உள்ள தரைப்பாலம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீரில் மூழ்கிவிடுகிறது. அந்நாட்களில் மாணவர்கள் சுற்றுவழியில் செல்கிறார்கள். சுற்றுவழியின் தூரமும், சென்ற பருவத்தில் பாலம் மூழ்கியிருந்த நாட்களும் இணைப்பில் காண்க. இதனை உயர்மட்டப் பாலமாக அமைக்கக் கோரி நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கு அளித்த மனுவின் ரசீதும், கிராம சபைத் தீர்மான நகலும் இணைக்கப்பட்டுள்ளன."

இதில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கேள்விக்குப் பதிலாக நிற்கிறது. எழுதும்போது பின்வரும் வரிசையைக் கடைப்பிடியுங்கள்:

1. மேலே தேதி, அனுப்புநர் முகவரி, தொலைபேசி எண்.
2. பொருள்: ஒரே வரி, ஒரே குறை, ஒரே துறை.
3. இடம்: ஊராட்சி, ஒன்றியம், வட்டம், சாலையின் வகை.
4. பாதிப்பு: யாருக்கு, எப்போது, எவ்வளவு. தெரியாத தொகையையோ தூரத்தையோ உத்தேசமாகப் போடாதீர்கள். மனுவில் ஒரு பொய்க்கணக்கு கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற உண்மைகளும் அதோடு போய்விடும்.
5. இதுவரை செய்தது: ரசீது எண், தேதி.
6. வேண்டுவது: ஒரே வாக்கியம்.

மழையில் பாலம் மூழ்கியபோது எடுத்த புகைப்படம் இருந்தால் தேதியோடு சேருங்கள். படம் எடுக்கிறேன் என்று ஓடுகிற வெள்ளத்தில் இறங்கவேண்டாம். கரையில் நின்று எடுத்தது போதும்.

தொகுதி அலுவலகத்தில்

காலை நேரத்தில் எந்தத் தொகுதி அலுவலகத்துக்குச் சென்றாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். சுவரோர நாற்காலிகளில் உதவித்தொகை கேட்டு வந்த முதியவர்கள். கையில் மஞ்சள் பையோடு, கல்லூரிச் சேர்க்கைக்குச் சிபாரிசு வேண்டி நிற்கும் தகப்பனார். மேசையின் ஒரு மூலையில் மனுக்கட்டு, மறு மூலையில் அதைக் காட்டிலும் உயரமாகத் திருமண அழைப்பிதழ்கள். இந்த அழைப்பிதழ்களைச் சொன்னேனே, அவற்றை அலட்சியமாக நினைக்கவேண்டாம். ஓர் உறுப்பினரின் நாட்களில் எவ்வளவு பெரிய பாகத்தை நாம் மாலைக்கும் மொய்க்கும் எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு அவையே சாட்சி. சபைக்குத் தயார் செய்துகொள்ள அவருக்கு எஞ்சும் நேரம், நாம் விட்டுவைத்ததுதான்.

ஆகவே அவருக்குப் பதிலாக அந்தத் தயாரிப்பை நீங்கள் செய்துகொண்டு போங்கள்.

1. பேரவைக் கூட்டம் நடக்கும் நாட்களில் உறுப்பினர் சென்னையில் இருப்பார். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அவசரமாகச் சென்னையிலேயே பார்க்கவேண்டுமானால், சேப்பாக்கம் அரசினர் தோட்டத்திலுள்ள உறுப்பினர் விடுதிக்கே செல்லவேண்டியிருக்கும்.
2. மூன்று நான்கு பேர் போதும். கூட்டமாய்ப் போனால் வரவேற்பு கிடைக்கும், பேச்சு நடக்காது.
3. மனுவோடு, அரைப்பக்கத்தில் ஒரு குறிப்புத்தாளும் கொடுங்கள். அதில் சபையில் கேட்பதற்குரிய வினா ஒன்றை எழுதியே கொடுத்துவிடலாம். அதன் வடிவத்தை அடுத்த பகுதியில் காண்பீர்கள்.
4. உதவியாளரிடம் பதிவேட்டில் மனுவைப் பதியச் சொல்லி, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உறுப்பினரோடு எடுத்துக்கொள்ளும் புகைப்படம் ரசீது ஆகாது.
5. "எந்தத் துறைக்கு, எந்தத் தேதிக்குள் கடிதம் போகும்?" என்று நயமாகக் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள்.

உங்கள் உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரராய் இருந்தால் மனம் தளரவேண்டாம். வினாக் கேட்கும் உரிமையில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் இல்லை. சில சமயங்களில் எதிர்க்கட்சி உறுப்பினருக்கே கேட்பதில் தயக்கம் குறைவு. உறுப்பினர் அமைச்சராகவே இருந்துவிட்டால்தான் ஒரு விசித்திரமான சங்கடம்: அமைச்சர் சபையில் பதில் சொல்பவரேயன்றி வினாக் கேட்பவர் அல்லர். அவர் தமது துறையிலும் சக அமைச்சர்களிடமும் நேரில் பேசிச் செய்துதரக் கூடும். அது நடக்கவில்லையென்றால், அதே சாலையையோ அதே கால்வாயையோ பங்கிட்டுக்கொள்ளும் பக்கத்துத் தொகுதி உறுப்பினரைக் கேட்கச் சொல்லலாம்.

சபைக்குள் குறை நுழையும் வழிகள்

வழிகள் பல இருந்தாலும், சாதாரணமாய் ஊர்க்குறைக்குப் பயன்படுபவை மூன்றே. திடீரென்று நேர்ந்த ஆபத்துக்குக் கவன ஈர்ப்பு உண்டு. அணை உடைந்தது, தொற்றுநோய் பரவிற்று என்பவற்றுக்கு உரியது அது. பத்து வருஷமாய் இல்லாத பாலத்துக்கு அதைக் கேட்டால் பேரவைத் தலைவர் அனுமதிக்கமாட்டார். நேரமில்லா நேரத்தில் எழுப்புவதும் அத்தகைய அவசர விஷயங்களையே. நமக்கு முக்கியமானவை வினாவும், மானியக் கோரிக்கை விவாதமும், மனுக்கள் குழுவும்.

*வினா.* சபை கூடியதும் முதலில் வருவது வினா விடை நேரம். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதிலளிப்பார். அதன்மேல் துணை வினாக்கள் எழுப்பலாம். குறியில்லாத வினாவுக்கு எழுத்தில் பதில் வரும். துணை வினா இல்லை. உறுப்பினர் வினாவை எழுதிச் சட்டமன்றப் பேரவைச் செயலகத்துக்கு அனுப்புகிறார். பேரவைத் தலைவர் அனுமதித்ததும் அது துறைச் செயலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து மாவட்ட அலுவலருக்கு, "இது குறித்து உடனே விவரம் அனுப்புக" என்று தாக்கீது இறங்குகிறது. அந்தத் தாக்கீதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உங்கள் மனுவை மாதக்கணக்கில் புரட்டிப் பார்க்காத அலுவலகம், பேரவை வினா என்ற தலைப்போடு ஒரு கடிதம் வந்ததும் அன்றைக்கே கோப்பைத் தேடுகிறது, பொறியாளர் இடத்தைப் பார்க்க வருகிறார், மதிப்பீடு கேட்கப்படுகிறது. வினா சபையில் எழுவதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடுவது இதனால்தான்.

வினாவின் வடிவம் இது:

"— தொகுதி, — ஊராட்சியில், — ஓடையின் குறுக்கே உள்ள தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக அமைக்க அரசு ஆவன செய்யுமா?"

வாதமோ வர்ணனையோ குற்றச்சாட்டோ வினாவில் இடம்பெறக்கூடாது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைப் பற்றியதாகவோ, மாநில அரசுக்குச் சம்பந்தமில்லாததாகவோ இருந்தால் அனுமதி கிடைக்காது. துணை வினாவுக்கென்று இரண்டு விவரங்களைக் குறிப்புத்தாளில் தனியே எழுதிக் கொடுங்கள். மூழ்கிய நாட்கள் ஒன்று. கோட்டப் பொறியாளர் ரசீது மற்றொன்று. அமைச்சர், "அத்தகைய கோரிக்கை வரப்பெறவில்லை" என்று சொல்லும் நிமிஷத்தில் உறுப்பினர் கையில் அந்த ரசீது இருந்தால், அதற்குமேல் வாதாடவேண்டிய தேவை அவருக்கு இராது.

2022 முதல் வினா விடை நேரம் நேரலையாக ஒளிபரப்பப்படுவதால், பதிலை நீங்களே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கேட்கும்போது சொற்களைக் கவனியுங்கள்:

— "கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை": இல்லை என்பதுதான் இதற்குப் பொருள். ஆனால் கதவு மூடியதாகக் கொள்ளவேண்டாம். கருத்துருவை மாவட்டத்திலிருந்து அனுப்பவைப்பது உங்கள் அடுத்த வேலை.

— "நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்": தேவையை ஒப்புக்கொண்டார்கள், காலத்தைச் சொல்லவில்லை.

— "இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்": இது உறுதிமொழி. அமைச்சர்கள் சபையில் கொடுத்த வாக்குகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என ஒன்று உண்டு. ஆண்டு கழிந்தும் வேலை தொடங்கவில்லையென்றால், பதில் சொல்லப்பட்ட தேதியைப் போட்டு, அக்குழுவின் பார்வைக்குக் கொண்டுசெல்லுமாறு உறுப்பினருக்கு எழுதுங்கள். இந்தக் குழுவைப் பயன்படுத்திக்கொள்ளும் ஊர்கள் மிகக் குறைவு.

முதல் முறை இல்லை என்று பதில் வந்ததும் விட்டுவிடுகிறவர்களுக்கு ஒரு பழைய விஷயத்தைச் சொல்லத் தோன்றுகிறது. சென்னை மாகாணச் சட்ட மேலவையில் தேவதாசி முறையை ஒழிக்கவேண்டும் என்ற தீர்மானத்தை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் கொண்டுவந்தார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் முழு வடிவில் நிறைவேறியது 1947-ல். நம் பாலத்துக்கு இருபது வருஷம் ஆகக்கூடாதுதான். ஆனால் ஒரு கூட்டத்தொடரில் நடக்காததை அடுத்ததில் கேட்கலாம் என்பதைச் சபையின் விதிகள் எங்கும் தடுக்கவில்லை.

*மானியக் கோரிக்கை.* பெரிய செலவுள்ள காரியங்களுக்கு இதுவே தக்க காலம். நிதிநிலை அறிக்கைக்குப் பின், துறை துறையாகப் பணம் கேட்டு அமைச்சர்கள் கோரிக்கை வைக்கிறார்கள். உறுப்பினர்கள் பேசி முடித்ததும் அமைச்சர் பதிலுரையின் முடிவில் அவ்வாண்டின் புதிய வேலைகளை அறிவிக்கிறார். அந்தப் பட்டியல் விவாதத்துக்கு முன்பே தயாராகிவிடுமாதலால், விவாதம் நடக்கும் வாரத்தில் மனுவோடு ஓடுவதில் பிரயோஜனம் இல்லை. டிசம்பர், ஜனவரியிலேயே உறுப்பினரிடமும் துறையிடமும் சேர்த்துவிடவேண்டும். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பை அரசின் இணையதளத்தில் எடுத்துப் படித்தால், இந்த ஆண்டு எத்தகைய பாலங்களுக்கு, எந்தத் திட்டத்தில் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது தெரியும். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே உங்கள் கோரிக்கையைக் கேட்கலாம்.

அறிவிப்பு வந்துவிட்டதென்று பட்டாசு கொளுத்துவதுதான் இங்கே நேரும் பெருந்தவறு. அமைச்சர் அறிவித்தாலும், பேரவை விதி 110-ன்கீழ் முதலமைச்சரே அறிவித்தாலும், அரசாணை பிறப்பிக்கப்பட்டு, நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் கிடைத்து, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, பணி ஆணை வழங்கப்பட்டால்தான் ஜல்லி வந்து இறங்கும். ஒவ்வொரு படியிலும் எண்ணையும் தேதியையும் கேட்டு வைத்துக்கொண்டால், எங்கே நின்றுவிட்டது என்பதை விரல்வைத்துக் காட்டலாம்.

*மனுக்கள் குழு.* உறுப்பினர் வழியாக அல்லாமல் பிரஜைகள் தாமே நேராகச் சபையின் ஓர் அங்கத்தை அணுகக்கூடிய வாசல் இது. மனுக்கள் குழு மாவட்டந்தோறும் சென்று கூடுகிறது; கூடுவதற்கு முன் ஆட்சியர் வழியாகச் செய்திக்குறிப்பு வெளியாகும். அது நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியாக வந்து மறைந்துவிடுமாகையால், கண்ணில் பட்டதும் கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு இவ்வாறு செய்யுங்கள்:

1. மனுவைத் தமிழில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு, ஐந்து நகல்கள் எடுங்கள்.
2. ஒரே ஒரு பிரச்சினை. ஒரே ஒரு துறை. பல ஆண்டுகளாய்த் தீராத பொதுப்பிரச்சினையாக இருக்கவேண்டும்.
3. "தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை–600 009" என்ற முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள்.

தனிநபர் குறை, நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா மாற்றம், அரசின் நிதி உதவி, வங்கிக்கடன், அரசு அலுவலர் மேல் புகார் ஆகியவற்றை இக்குழு எடுத்துக்கொள்வதில்லை. வந்து குவியும் மனுக்களில் இந்த விலக்குக்கு உட்பட்டவையே மிகுதி என்பதால், பொதுப்பாலம் கேட்கும் சுத்தமான மனு தனித்துத் தெரியும். எடுத்துக்கொள்ளப்பட்டால், குழு மாவட்டத்துக்கு வரும்போது அலுவலர்களை முன்னால் வைத்துக்கொண்டு மனுதாரரை விசாரிக்கும். அன்று உணர்ச்சிவசப்படாமல், பாதிப்பு, ரசீது, வேண்டுவது என்று அந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி

சிறிய காரியங்களுக்குச் சபை வரை போகவேண்டியதே இல்லை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. பணம் உறுப்பினர் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் அளித்து நிறைவேற்றுகிறது. பள்ளிக்கு வகுப்பறை, அங்கன்வாடிக் கட்டடம், பயணியர் நிழற்குடை போன்றவை இதில் அடங்கும். தனிப்பட்டவருக்குச் சொத்து உண்டாக்கும் வேலை அடங்காது. கட்டடம் கேட்பவர்கள், இடம் அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமானது என்பதற்கான சான்றைக் கூடவே கொடுக்கவேண்டும். இடத்தகராற்றினால் திரும்பிப்போன ஒதுக்கீடுகள் எத்தனையோ. ஆண்டின் முதற்பாதியில் கேளுங்கள். பிப்ரவரியில் கேட்பவருக்கு, "எல்லாம் கொடுத்தாயிற்று" என்ற பதில் தயாராயிருக்கும்.

இதைத் தவிர, 2022-ல் முதலமைச்சர் எல்லா உறுப்பினர்களுக்கும் எழுதி, தொகுதியில் தீராமல் இருக்கும் பத்து முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். உங்கள் தொகுதியின் பத்து எவை என்று கேட்டுப் பாருங்கள். பாலம் அந்தப் பட்டியலில் ஏற்கனவே இருந்தால், புதிதாய் மனுக்கொடுப்பதைவிட அதன் நிலையை விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

எச்சரிக்கைகள்

"எம்.எல்.ஏ.வுக்கு வேண்டியவன்" என்று சொல்லிக்கொண்டு வேலைக்கும் மாற்றலுக்கும் பணம் வாங்குபவரிடம் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் சிபாரிசு தேடுவது விண்ணப்பதாரரைத் தகுதிநீக்கம் செய்யவே காரணமாகலாம். பணத்தோடு பிள்ளையின் எதிர்காலமும் போகும். பணம் கேட்டது அரசு ஊழியராக இருந்தால், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பாலத்துக்காகப் போட்ட கையெழுத்து வேறொருவர் மேல் புகாராக மாறி வெளிவந்த சம்பவங்கள் கிராமங்களில் புதியவை அல்ல.

அவதூறு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. சபைக்குள் பேசியதற்காக உறுப்பினர் மேல் வழக்குத் தொடுக்க முடியாதபடி அரசியலமைப்பின் 194-ஆம் பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. ஒப்பந்ததாரரோ பொறியாளரோ பணத்தை விழுங்கினார் என்று மனுவிலோ சுவரொட்டியிலோ கைப்பேசிக் குழுவிலோ நீங்கள் எழுதினால், நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். "மதிப்பீட்டில் கண்ட நீளத்துக்கும் போடப்பட்ட நீளத்துக்கும் வித்தியாசம் உள்ளது, அளந்து பார்க்க வேண்டுகிறோம்" என்று எழுதினால் அதே காரியம் ஆபத்தில்லாமல் நடக்கும்.

ஒரே மனுவை ஒரே நாளில் முதலமைச்சர் முதல் வார்டு உறுப்பினர் வரை இருபது பேருக்கு அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அத்தனையும் கடைசியில் ஒரே அலுவலரின் மேசைக்குத் திரும்பிவந்து, ஒரே பதிலோடு முடிக்கப்படும்.

தேர்தல் குறுக்கிட்டால்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதிலிருந்து முடிவு வரும்வரை நடத்தை விதிகள் அமலில் இருக்குமாதலால், புதிய பணிகளுக்கு ஒப்புதல் கிடையாது. தொடங்கிய பணிகள் நடக்கலாம். பேரவை கலைந்தவுடன் பதிலுக்குக் காத்திருந்த வினாக்களும் காலாவதியாகிவிடும். அந்த இடைவெளியில் செய்யத்தக்கது ஒன்றே: மனு, ரசீதுகள், கிராம சபைத் தீர்மானம், துறையின் பதில்கள், சபையில் அமைச்சர் சொன்ன வாசகம் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, முதல் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டு ஒரே கோப்பாக்கிவிடுங்கள். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்கள் எல்லோரிடமும் அந்த முதல் பக்கத்தின் நகலைக் கொடுக்கலாம். தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட பின், அவருக்கு மாலை போட வருகிற கூட்டம் கலைந்து, அலுவலகத்தில் பதிவேடு திறக்கப்படுகிற வாரத்தில், பழைய மனுவின் தேதிகளை அப்படியே வைத்து, புதிய மேல்கடிதத்தோடு கோப்பின் நகலைக் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.